நின்ற வண்டி

பொருள்களுள் சில உழைத்துத் தேய்வன. சில உழையாமல் தேய்வன. முன்னதை உலகம் எளிதில் அறிந்துகொள்கின்றது. செருப்புத் தேய்ந்தால் காலுக்குத் தெரியும். அரிவாள்மணை மழுங்கினால் கைக்குத் தெரியும். ஆனால் மூடி வைத்த பொருள் உள்ளே கெட்டுக்கொண்டிருப்பது எவருக்கும் தெரிவதில்லை. அது பத்திரமாக இருக்கின்றது என்றே நம்பிக்கொண்டிருக்கின்றோம். அந்த நம்பிக்கையினால் நாங்கள் பட்ட பாட்டை இங்கே சொல்ல விரும்புகின்றோம். பழைய மோட்டார் வண்டியை உறையிட்டு மூடி வைத்திருக்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் சிலரேனும் இருக்கக்கூடும். அவர்களுக்கு இது பயன்படுமாயின் மகிழ்ச்சி.

'நாங்கள்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. இக்கட்டுரையை எழுதுபவர் உடன்பிறந்தார் இருவர். எங்களுள் மூத்தவர் செம்பூரில் அன்னையாருடன் வசிப்பவர். இளையவர் கடற்கழிக்கு அப்பால் வாஷியில் குடியிருப்பவர். இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள தூரம் மிகுதியன்று. எனினும் 2017ஆம் ஆண்டு தொடங்கி எட்டாண்டுக் காலம் அந்தத் தூரத்தை நாங்கள் அதிகமாகக் கடக்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொலைபேசியில் இரண்டு சொல். தந்தையாரின் திதியன்று ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பாராமல் ஒரு சாப்பாடு. அவ்வளவே எங்கள் உறவு. எங்கள் நடுவே குறுக்காக நின்றது ஒரு மோட்டார் வண்டி.

அதன் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தோற்றுவித்த பிரீமியர் கம்பெனியார் குர்லாவில் தொழிற்சாலை வைத்து இத்தாலிய நாட்டு பியட் வண்டிகளை உருவாக்கி வந்தனர். 1964 முதல் வெளிவந்த 1100 என்னும் வகைக்குத்தான் 1974இல் 'பிரீமியர் பத்மினி' என்ற பெயர் வாய்த்தது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாகத் திரிந்தவை பெரும்பாலும் இவ்வண்டிகளே. அக்காலத்தில் மோட்டார் வாங்குவதென்றால் பணம் கட்டிப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். எங்கள் தந்தையார் 1976இல் பதிந்தார். வண்டி 1982இல் வந்தது. பதிந்தபோது கைக்குழந்தையாக இருந்த இளையவர், வண்டி வந்தபோது அதற்கு மாலை சூட்டினார். அன்னையார் எலுமிச்சம்பழம் வைத்தார். தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு சுற்றுப் போய்வந்தன.

தந்தையார் அந்த வண்டியை வேகமாக ஓட்டியதும் இல்லை. சும்மா நிறுத்தியதும் இல்லை. வெளியே செல்லும் வேலை இல்லாத வாரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடுங்கா வரைக்கும் ஓட்டிச் சென்று, பூவும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பிய பிறகே காப்பி அருந்துவார். டாங்கி பாதிக்குக் கீழே இறங்குவதற்கு விடமாட்டார். பெட்ரோல் அளவு காட்டும் முள் பழுதாகிவிட்டபடியால், ஒரு மூங்கிற் குச்சியில் கத்தியால் கோடு கிழித்து, அதை டாங்கியில் விட்டு அளந்து பார்ப்பார். 'எதற்காக இந்தச் சிரமம்?' என்று நாங்கள் சிரிப்பதுண்டு. அவர் விடை சொன்னதில்லை. குச்சியைத் துடைத்து இருக்கைக்கு அடியில் வைத்துவிடுவார்.

2015ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். அன்றும் டாங்கி நிறைந்திருந்தது. காரியங்கள் நடந்த நாள்களில் அங்குமிங்கும் ஓடுவதற்கு ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் வேண்டியிருந்தது. ரப்பர்க் குழாய் ஒன்றைச் செருகி வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டோம். அதன் பிறகும் அவசரம் வந்தபோதெல்லாம் எடுத்தோம். கால் பங்கு மட்டும் மிஞ்சியது. வண்டிக்கு ஒரு துணியுறை வாங்கிப் போர்த்தினோம். 'அப்பாவின் வண்டி, அப்படியே இருக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டோம். அப்படியே இருக்கும் என்றும் எண்ணிக்கொண்டோம்.

இரண்டாண்டுகள் சென்றன. 2017இல் வண்டியின் பதிவைப் புதுப்பிக்கவேண்டிய முறை வந்தது. சொந்த உபயோகத்திற்கான கார்களின் பதிவு முதற்பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளவேண்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் உறையை நீக்கினோம். புதிய பாட்டரி ஒன்றைப் பொருத்தினோம். பழைய பெட்ரோலின் மீதே ஐந்து லிட்டர் புதிய பெட்ரோலை ஊற்றினோம். சாவியைத் திருப்பினோம். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மீண்டும் திருப்பினோம். பத்தாம் முறையோ பன்னிரண்டாம் முறையோ திடீரென ஒரு வெடிச் சத்தம் கேட்டது. பானெட்டின் இடுக்கில் நீல நிறமான சுடர் எழுந்தது. காவற்காரர் வாசலில் இருந்த மணல் வாளியுடன் ஓடிவந்திராவிடின் இதை எழுதும் நிலையில் நாங்கள் இருந்திருக்கமாட்டோம். இளையவரின் முழங்கையில் அன்று பட்ட தழும்பு இன்றும் இருக்கின்றது.

சாவியைத் திருப்பியவர் யார், பானெட்டைத் திறந்து குனிந்தவரைக் கவனியாமல் திருப்பும்படி சொன்னவர் யார் என்பதை இங்கே நாங்கள் எழுதப்போவதில்லை. எழுதினால் பழைய வழக்கு மறுபடியும் தொடங்கிவிடும். அன்று அந்த வழக்குத்தான் தொடங்கியது. 'விற்றுத் தொலைத்திருக்கவேண்டும்' என்றார் ஒருவர். 'அப்பாவின் பொருளை விற்க உனக்கு என்ன உரிமை?' என்றார் மற்றவர். வண்டிக்காகத் தொடங்கிய பேச்சு, மருத்துவச் செலவுக்கும் வீட்டுக்கும் தாவி, சொல்லத்தகாத இடங்களுக்கெல்லாம் சென்று முடிந்தது. உறையை மீண்டும் போர்த்தினோம். பதிவு காலாவதியாயிற்று. எட்டு மழைக்காலங்கள் அந்த உறையின் மேல் பெய்து ஓய்ந்தன. இதனிடையே பத்மினி டாக்சிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்து, 2023 அக்டோபரில் கடைசி டாக்சியும் மும்பைச் சாலைகளிடம் விடைபெற்றது.

2025 ஏப்ரல் மாதத்தில் எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதால், ஓடாத வண்டிகளையெல்லாம் ஜூன் மாத இறுதிக்குள் அகற்றிவிடவேண்டும் என்பது செய்தி. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கயிறு கட்டி இழுத்துச் செல்லும் கூலியைக் கழித்துக்கொண்டு ஒரு தொகை சொன்னார். மூத்தவர் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தார். அப்போது, எட்டாண்டுகளாக இவ்விஷயத்தில் வாயே திறவாத அன்னையார் பேசினார்.

"விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள்; நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அது தன் காலால் நடந்து போகட்டும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்க என்னால் ஆகாது. சின்னவனைக் கூப்பிடு."

எண்பது வயது நிரம்பியவரின் சொல்லைத் தட்ட முடியுமா? இளையவர் வந்தார். 'என்னப்பா, சௌக்கியமா?' என்றார் மூத்தவர். 'இருக்கேன், அண்ணா' என்றார் இளையவர். அதற்கு மேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. நல்ல வேளையாக வண்டியைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது.

குர்லாவில் டாக்சிகளைப் பழுது பார்த்தே வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவரை ஒரு நண்பர் அனுப்பினார். அவரை எல்லோரும் 'உஸ்தாத்' என்றே அழைப்பார்கள். வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்கள்" என்றார். கொடுத்தோம். அதைத் தம் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை இட்டுக்கொண்டார். "வேலை முடியும்வரை இது என்னிடமே இருக்கும். நின்ற வண்டியைக் கெடுப்பது துரு அன்று, சாவி" என்றார். நாங்கள் தலை குனிந்தோம்.

பின்னர் டாங்கியின் மூடியைத் திறந்து எங்களை முகர்ந்து பார்க்கச் சொன்னார். பெட்ரோலின் மணம் இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தாற்போன்ற நாற்றம் அடித்தது. பெட்ரோல் என்பது தண்ணீரைப் போல் ஒரே பொருள் அன்று. விரைவில் ஆவியாகக்கூடியனவும் ஆகாதனவும் ஆகிய பல பொருள்களின் கலவை. எஞ்சின் எளிதிற் பற்றுவதற்கு உதவுபவை அவற்றுள் இலேசானவை. நாள்பட்ட பெட்ரோலிலிருந்து அவையே முதலில் பறந்துவிடுகின்றன. எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிப் பிசினாகத் திரிகின்றது. சாதாரணமாகச் சில மாதங்களுக்கு மேல் வைத்திருக்கத் தக்க பொருளன்று அது. நாங்களோ பத்தாண்டு வைத்திருந்தோம்.

வேலை தொடங்குமுன் உஸ்தாத் விதித்த நிபந்தனைகளை அன்பர்கள் மனத்திற்கொள்வது நலம். பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடவேண்டும். கூரையில்லாத திறந்த வெளியில்தான் பெட்ரோலைத் தொடவேண்டும். ஏனெனில் பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்விடாமல் தரையோடு ஊர்ந்து, பள்ளத்தில் தேங்கி, தொலைவில் உள்ள நெருப்பையும் தேடிச்செல்லும். உறைபனிக்கும் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை அது விட்டுக்கொண்டிருக்கும் என்றால் மும்பை வெயிலைச் சொல்லவேண்டுவதில்லை. பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஆகாது. மணலும் பொடி வகைத் தீயணைப்புக் கருவியும் அருகில் இருக்கவேண்டும். நிறைந்த டாங்கியைவிடக் காலியான டாங்கியே ஆபத்தானது; அதில் இருப்பது முழுவதும் ஆவியும் காற்றும் ஆதலால், அதன் அருகில் பற்றவைப்பு வேலை எதுவும் கூடவே கூடாது.

கெட்ட பெட்ரோலை முற்றும் வடித்தோம். தேநீர் நிறத்தில் வந்தது. சாக்கடையில் ஊற்றாமல் தகரத்தில் அடைத்து, பழைய எண்ணெய் எடுப்பவரிடம் சேர்ப்பித்தோம். பின்பு டாங்கியைக் கழற்றி இறக்கி, அளவு காட்டும் கருவி பொருந்தியிருந்த துளையின் வழியே மின்விளக்கின் ஒளியைச் செலுத்தி உள்ளே பார்த்தோம். பார்த்தவுடன் நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம்.

டாங்கியின் சுவரில் கோடு போட்டதுபோல் ஓர் எல்லை தெரிந்தது. அதற்குக் கீழே, பெட்ரோல் நின்றிருந்த கால் பங்கில், பிசின் படிந்திருந்தாலும் தகடு பெரும்பாலும் நலமாக இருந்தது. அதற்கு மேலே முக்கால் பங்கும் செந்துரு. காலியான இடத்தில் காற்று நிறைந்திருந்தது. மும்பையின் காற்றில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. இரவின் குளிர்ச்சியில் அந்த ஈரம் முத்து முத்தாகத் தகட்டில் படிந்து வழிந்திருக்கின்றது. தந்தையார் நிறைத்து வைத்திருந்த டாங்கியிலிருந்து குழாய் வைத்து நாங்கள் எடுத்த அளவு எதுவோ, துருவின் அளவும் அதுவே. மூங்கிற் குச்சியின் கோடுகளுக்குப் பொருள் அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று. அவர் அளந்தது பெட்ரோலை மட்டும் அன்று; வெற்றிடத்தையும் அளந்திருக்கின்றார். உஸ்தாத் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, துளை விழவில்லை" என்றார்.

மே மாதம் 25ஆம் நாள் ஞாயிறன்று டாங்கியைச் சுத்தம் செய்யும் பணி நடந்தது. முதலில் சோப்புநீர் விட்டுப் பலமுறை அலசி, பெட்ரோல் வாடை நீங்கச் செய்தோம். பின் ஒரு கை நிறையச் சிறு நட்டுகளை உள்ளே போட்டு, நீரும் விட்டு, டாங்கியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். சிறு வயதில் ஒரே தூளியின் இரு முனைகளைப் பிடித்து ஆட்டியதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்றை ஆட்டியது அன்றுதான். உதிர்ந்த துருவை ஊற்றிவிட்டு, முந்தின வாரமே வாங்கி வைத்திருந்த வினிகரை நிரப்பினோம். அந்தப் புளிப்பு மிஞ்சிய துருவைக் கரைத்துவிடும். ஒரு நாள் அது ஊறவேண்டும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் புளிப்பை முறித்து, நல்ல நீரால் கழுவி, வெயிலில் உடனே உலர்த்திவிடவேண்டும் என்பது திட்டம். கழுவிய இரும்பு ஈரத்தோடு இருந்தால் சில மணி நேரத்தில் மீண்டும் துருப்பிடிக்கும்.

ஆனால் வெயில் எங்கே? மே 26ஆம் நாளே பருவமழை மும்பையை வந்தடைந்துவிட்டது. அவ்வளவு விரைவில் அது முன்னர் வந்ததாகப் பதிவே இல்லை. ஊர் வெள்ளக்காடாகிவிட்டது. இளையவர் தம் இல்லத்திற்குத் திரும்ப இயலாமல் செம்பூரிலேயே தங்கினார். அன்றிரவு டாங்கியைக் கழுவி, மாடிக்குத் தூக்கி வந்து, கூடத்தின் நடுவில் வைத்து, தலைமயிர் உலர்த்தும் மின்கருவியைத் துளையில் பிடித்துக்கொண்டு முறை வைத்து உட்கார்ந்தோம். கை வலித்தபோது ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கிக்கொண்டோம். இரண்டு மணிவரை விழித்திருந்தோம். கருவியின் இரைச்சலில் மெல்லப் பேச முடியாது, உரக்கத்தான் பேசவேண்டும். எட்டாண்டுகளாகப் பேசாதவற்றை உரக்கவே பேசினோம். மருத்துவச் செலவுக் கணக்கும் அந்த இரவிலேயே தீர்ந்தது. இருவருமே தாம் அதிகம் கொடுத்ததாக எண்ணியிருந்தோம். கூட்டிப் பார்த்தால் அன்னையார் தம் வளையல்களை விற்றுக் கொடுத்ததே அதிகம் என்று தெரிந்தது. பக்கத்து அறையில் அவர் உறங்கிக்கொண்டிருந்தார். அல்லது உறங்குவதுபோல் இருந்தார். டாங்கி உலர்ந்தபின் உட்புறம் முழுவதும் எண்ணெய்ப் பூச்சு ஏறும்படி சிறிது எஞ்சின் எண்ணெயைச் சுழற்றி வடித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற உறுப்புகளைப் பார்த்தோம். டாங்கியிலிருந்து வண்டியின் அடிவயிற்றில் ஓடும் உலோகக் குழாயைக் காற்றடித்துத் துப்புரவு செய்தோம். இரு முனைகளிலும் இருந்த ரப்பர்க் குழாய்கள், வளைத்தவுடன் அப்பளம்போல் வெடித்தன. எஞ்சினின் பக்கத்தில் உள்ள பம்பைத் திறந்தால், அதன் நெஞ்சாகிய டயஃப்ரம் என்னும் சவ்வு விறைத்துக் கீறியிருந்தது. எஞ்சின் சுழலும்போது இச்சவ்வு மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளவேண்டும். சவ்வு கிழிந்தால் பெட்ரோல் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். இரண்டையும் புதிதாக மாற்றினோம். எந்த ரப்பரையும் வாங்கிவிடலாகாது என்று உஸ்தாத் எச்சரித்தார். ஏனெனில் தந்தையார் ஊற்றிய பெட்ரோல் அன்று இன்றைய பெட்ரோல். 2022இல் நூற்றுக்குப் பத்துப் பங்கும், 2025இல் இருபது பங்கும் எத்தனால் என்னும் சாராயச் சத்தினை நம் நாட்டுப் பெட்ரோலில் கலக்கும் நிலை வந்துவிட்டது. அது பழைய ரப்பர் வகைகளை ஊறவைத்து நெகிழச் செய்யும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நீர் மிகுந்தால் பெட்ரோலினின்று பிரிந்து அடியில் தங்கி இரும்பை அரிக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கக்கூடிய குழாயும் சவ்வுமே வேண்டும். சோர் பஜாரிலும் குர்லாக் கடைகளிலும் அலைந்து அவற்றைச் சேகரித்தோம்.

கடைசியாகக் கார்புரேட்டர். 2017இல் நடந்தது என்ன என்பதை அதைப் பிரித்த பிறகே அறிந்தோம். கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழுந்து ஓர் ஊசியை மேலே தள்ளி வாயிலை அடைக்கும். குறைந்ததும் இறங்கி வழி விடும். நம் வீட்டு மாடித் தொட்டிகளில் இருக்கும் மிதவைக் குழாயின் வேலையேதான். பழைய பெட்ரோலின் மேல் புதிய பெட்ரோலை ஊற்றியபோது, புதியது பழைய பிசினை இளக்கிக் கொண்டுவந்து அந்த ஊசியின் வாயிலில் சேர்த்துவிட்டது. வாயில் மூடவில்லை, பெட்ரோல் நிரம்பி எஞ்சினின் மேல் வழிந்தது. நாங்கள் சாவியைத் திருப்பிக்கொண்டேயிருந்தோம். எஞ்சின் பின்னோக்கி ஒரு முறை வெடித்ததும் வழிந்தது பற்றிக்கொண்டது. இதைக் கேட்டபோது நாங்கள் ஒன்றும் பேசவில்லை. சாவியைத் திருப்பியவரும் குற்றவாளி அல்லர். திருப்பச் சொன்னவரும் அல்லர். பழையதை வடிக்காமல் அதன் மேல் புதியதை ஊற்றியதுதான் குற்றம், ஊற்றியதோ இருவரும்.

உஸ்தாத் கார்புரேட்டரை உறுப்பு உறுப்பாகப் பிரித்து மருந்து நீரில் ஊறவைத்தார். பித்தளை மிதவையைக் காதருகில் வைத்துக் குலுக்கினார்; உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் ஓசை கேட்கும். பின் வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகின்றதா என்று பார்த்தார். வரவில்லை. ஜெட் எனப்படும் நுண்துளைத் திருகுகள் முற்றிலும் அடைத்திருந்தன. இளையவர் ஒரு குண்டூசியை எடுத்தார். உஸ்தாத் அவர் கையைத் தட்டிவிட்டார். பித்தளை மிருதுவானது, இரும்பு ஊசி பட்டால் துளை பெரிதாகிவிடும். ஏறத்தாழப் பதினைந்து பங்கு எடைக் காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கணக்கில் கலவை அமையவேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது அத்துளையின் அளவே. தூண்டில் போடும் நைலான் இழையால் துழாவிக் காற்றடித்தார். வெளிச்சத்திற்கு நேரே பிடித்தபோது துளையின் வழியே வானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. ஊசி வால்வையும் இடைத்தகடுகளையும் புதிதாக இட்டு மூடினார்.

உடனே சாவி கிடைக்கும் என்று எண்ணினோம், கிடைக்கவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு ஓரிரவு விட்டார். மறுநாள் வண்டியை நான்காம் கியரில் போட்டு எங்களை மெல்லத் தள்ளச் சொன்னார். சக்கரத்தின் வழியே எஞ்சின் இறுக்கமின்றிச் சுழல்வதை உறுதி செய்துகொண்டார். அதன் பின் டாங்கியைச் சேர்க்காமல், ஒரு சிறு தகரப் புட்டியில் புதிய பெட்ரோலை நிரப்பி, கார்புரேட்டருக்குச் சற்று உயரத்தில் கட்டி, குழாயால் இணைத்தார். கால் மணி நேரம் சும்மா இருக்கச் சொன்னார். ஒரு சொட்டுக்கூட எங்கும் கசியவில்லை. வெறுங்கையால் குழாய்களைத் தடவி முகர்ந்து பார்த்தார். பாட்டரியை இணைத்தார். பிறகுதான் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினார்.

சாவியை எங்களிடம் நீட்டினார். "அண்ணா, நீ திருப்பு" என்றார் இளையவர். "இல்லையப்பா, நீயே திருப்பு" என்றார் மூத்தவர். உஸ்தாத் இரண்டு முறை எங்களை மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் மரியாதை முடிவதற்குள் பெட்ரோல் மறுபடியும் பிசினாகிவிடும்" என்று சொல்லி, தாமே உட்கார்ந்து, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினார். ஐந்தாறு சுற்று, ஒரு தும்மல், மீண்டும் ஒரு தும்மல். பிறகு 1089 கன சென்டிமீட்டர் கொண்ட அந்தச் சிறிய எஞ்சின், சிறு வயது முதல் நாங்கள் கேட்டுப் பழகிய அதே குரலில் பேசத் தொடங்கியது. மாடியிலிருந்து அன்னையார் எட்டிப் பார்த்தார்.

அதன்பின் டாங்கியையும் பம்பையும் இணைத்து, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் வடிகட்டி ஒன்றை நடுவே பொருத்தினார் உஸ்தாத். முதல் பத்து நாளில் மூன்று வடிகட்டிகள் பழுப்பேறின. எத்தனாலுக்குப் பழைய படிவுகளைக் கரைக்கும் குணம் உண்டு. எவ்வளவு கழுவினாலும் மூலைகளில் ஒட்டியிருந்தது சிறிது சிறிதாகவே வெளிவரும். நான்காவது வடிகட்டிதான் தெளிவாக நின்றது.

பதிவு புதுப்பிக்கப்படாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டலாகாது. ஆகவே ஜூன் மாதத்தின் கடைசி ஞாயிறன்று, அன்னையாரைத் தமக்குரிய இடப்பக்கத்து முன்னிருக்கையில் அமர்த்தி, கட்டடத்தின் வளாகத்திற்குள்ளேயே மூன்று சுற்று வந்தோம். முதற்சுற்றில் மூத்தவரும் இரண்டாவது சுற்றில் இளையவரும் ஓட்டினோம். மூன்றாவது சுற்று உஸ்தாதுக்கு. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது, "காப்பி போடுகின்றேன், மூவரும் மேலே வாருங்கள்" என்றார். மறுநாள் வண்டியேற்றும் லாரி வந்தது. கயிறு தேவைப்படவில்லை. பத்மினி தன் சக்தியாலேயே பலகையில் ஏறி நின்றது. அன்னையார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லாரி சென்றது பழைய இரும்புக் கடைக்கன்று. இளையவரின் வாஷி இல்லத்திற்கு. அங்கு வண்டி நிறுத்த இடமிருந்தது. வண்டியை அன்னையார் பெயருக்கு மாற்றிப் பதிவையும் புதுப்பித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மூத்தவர் வாஷிக்குச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். வண்டியை ஓட்டவேண்டும் என்பது காரணம். காரணம் எதுவானால் என்ன?

அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. நெடுநாள் நிறுத்த நேர்ந்தால் டாங்கியை நிறைத்து வையுங்கள். அதனினும் நீண்ட காலமாயின் முற்றும் வடித்து உலர்த்தி வையுங்கள். இடைப்பட்ட நிலைதான் கேடு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையேனும் எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டுங்கள். நின்றுபோன வண்டியாயின் சாவியை முதலில் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். பழையதை வடித்து, கழுவி, உலர்த்தி, வழி திறந்திருக்கின்றதா என்று பார்த்து, அதன் பிறகு புதியதை ஊற்றுங்கள். நம் வீடுகளில் பூட்டிய பெட்டியிலும் அலமாரியிலும் 'அப்படியே இருக்கட்டும்' என்று நாம் வைத்திருப்பவை வண்டி மட்டும் அல்ல. அவற்றையும் ஒரு முறை திறந்து முகர்ந்து பார்ப்பது நல்லது.

மூங்கிற் குச்சி இப்போதும் இருக்கைக்கு அடியில்தான் இருக்கின்றது. அளவு காட்டும் முள்ளைச் சரி செய்து தருவதாக உஸ்தாத் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.